பரவும் செய்தி எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: பிட்காயின், டோரண்ட் போன்றவற்றுக்குத் தலைமை சர்வரே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் ஒரு செய்தி எல்லாக் கணினிகளுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது? இந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தவர் யார்?

ஒருவர் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாத கேள்வி இது. தலைமை இல்லாத வலை என்ற எண்ணத்துக்கு வேண்டுமானால் பால் பாரனைச் சொல்லலாம். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அணுகுண்டுத் தாக்குதலில் பல நிலையங்கள் அழிந்தாலும் மிஞ்சியவை தங்களுக்குள் பேச முடிய வேண்டும் என்ற கவலையில் பிறந்த தன் ஆய்வை 1964-ல் பல தொகுதிகளாக வெளியிட்டார். மையம் வேண்டியதில்லை, ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று நான்கு இணைப்புகள் இருந்தாலே வலை வலுவாக நிற்கும் என்று காட்டினார். ஆனால் பாரனின் அக்கறை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செய்தி போவதில்தான் இருந்தது. ஓரிடத்திலிருந்து எல்லா இடங்களுக்கும் போவது வேறு சிக்கல்.

அதற்கு யாருக்கும் முதலில் தோன்றும் வழி, வந்த செய்தியை அது வந்த இணைப்பைத் தவிர மற்ற எல்லா இணைப்புகளிலும் அனுப்பிவிடுவது. ‘ஃப்ளடிங்’ என்பார்கள். வலையின் வரைபடம் தெரிந்திருக்க வேண்டாம். நடுவில் சில கணினிகள் செத்துப் போனாலும் செய்தி வேறு வழியாகச் சுற்றிப் போய்விடும். ஆனால் வலையில் ஒரே ஒரு சுற்றுப்பாதை இருந்தாலும் போதும், அதே செய்தி அதில் ஓயாமல் வட்டமடிக்கும். பரப்புவதற்கு இந்தத் துறையில் யாரும் பெரிதாகத் திணறியதில்லை. பரவிய செய்தியை எங்கே, எப்படி நிறுத்துவது என்பதில்தான் நல்ல மூளைகளெல்லாம் செலவாகியிருக்கின்றன.

1978-ல் ஒரு அழகான விடை வந்தது. மும்பை ஐஐடியில் படித்து ஸ்டான்ஃபோர்டுக்குப் போன யோகன் தலால், ஈதர்நெட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃபுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ஒவ்வொரு கணினியும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும்: இந்தச் செய்தியை அனுப்பியவருக்கு நான் பதில் போடுவதானால் எந்த இணைப்பில் போடுவேன்? செய்தி அதே இணைப்பில் வந்திருந்தால் ஏற்றுப் பிறருக்கும் அனுப்பும். வேறு இணைப்பில் வந்திருந்தால் சுற்றி வந்த நகல் என்று தூக்கி எறியும். வந்து போன செய்திகள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது இதன் சிறப்பு. ஒருவரிடமிருந்து பலருக்கு அனுப்பும் மல்டிகாஸ்ட் முறைகள் இன்றும் இந்தச் சோதனையைச் செய்கின்றன.

நினைவில் வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் கொடுத்துவிட்டால், பழைய எண் வந்தால் தள்ளிவிடலாம். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1979-ல் இதைத்தான் கையில் எடுத்தது. அங்கே ஒவ்வொரு நிலையமும் தன் இணைப்புகளின் நிலவரத்தை எல்லா நிலையங்களுக்கும் ஃப்ளடிங் முறையில் அறிவிக்கும். எண்ணுக்கு ஒதுக்கியது 6 பிட். எனவே 0 முதல் 63 வரை போய் மறுபடி 0-க்கு வரும். வட்டமாகச் சுற்றும் எண்களில் எது புதியது? வட்டத்தில் பாதித் தூரத்துக்குள் எது முன்னால் இருக்கிறதோ அதுவே புதியது என்று விதி வைத்தார்கள்.

1980 அக்டோபர் 27 அன்று ஒரு கணினியில் சில பிட்டுகள் தவறி, 50-ஆம் நிலையத்தின் அறிவிப்பு 8, 40, 44 என்று மூன்று எண்களோடு ஒரே நேரத்தில் வலைக்குள் புகுந்துவிட்டது. விதிப்படி 8-ஐவிட 40 புதியது, 40-ஐவிட 44 புதியது, வட்டம் சுற்றி வந்தால் 44-ஐவிட 8 புதியது! ஒவ்வொரு நிலையமும் மூன்றையும் மாறி மாறிப் ‘புதிய செய்தி’ என்று ஏற்று அண்டை நிலையங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. வேறு எந்த வேலைக்கும் அவற்றுக்கு நேரமில்லை. நாடு முழுக்க விரிந்த வலை பல மணி நேரம் முடங்கியது. 50-ஆம் நிலையத்திலிருந்து வரும் அறிவிப்பைப் பொருட்படுத்தாதே என்று மென்பொருளில் ஒட்டுப்போட்டுத்தான் மீட்டார்கள். எரிக் ரோசன் இதைப் பற்றி எழுதிய அறிக்கை 1981-ல் ஆர்எஃப்சி 789 என்ற எண்ணில் வெளியானது. கணினி வலைகளில் ஆர்வமுள்ள மாணவர்கள் அதை அவசியம் படிக்க வேண்டும். ஒரு துப்பறியும் கதையின் விறுவிறுப்பு அதில் இருக்கிறது.

1983-ல் ரேடியா பெர்ல்மன் இதற்கு மாற்று சொன்னார். எண் வட்டமாகச் சுற்றக்கூடாது, நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போக வேண்டும். கூடவே ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஆயுள் இருக்க வேண்டும், காலம் முடிந்தால் அது தானாக மடிய வேண்டும். இன்று நிறுவனங்களின் ரவுட்டர்களில் ஓடும் ஓஎஸ்பிஎஃப் முறையில் வரிசை எண் 32 பிட், ஆயுள் ஒரு மணி நேரம்.

கேள்வி: இதெல்லாம் ராணுவப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி. சாதாரண ஆட்கள் தாங்களாகவே இப்படி ஒரு வலையை அமைத்ததுண்டா?

அமைத்தார்கள். யூஸ்நெட் அப்படித்தான் வந்தது. 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவருக்கும் தோன்றிய எண்ணம் அது. பக்கத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். ஆர்ப்பாநெட்டில் இடம் கிடைக்காத கல்லூரிகள் சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலேயே இணைந்தன. கட்டணம் குறைவான இரவு நேரத்தில் ஒரு கணினி இன்னொன்றை அழைத்து, புதிதாக வந்த கட்டுரைகளைக் கைமாற்றும்.

நிறுத்துவதற்கு இங்கே இரண்டு தடுப்புகள். கட்டுரை கடந்து வந்த கணினிகளின் பெயர்கள் அதன் தலைப்பகுதியில் சேர்ந்துகொண்டே வரும், பட்டியலில் இருப்பவருக்குத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. தவிர, ஒவ்வொரு கட்டுரைக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளம் உண்டு. ஏற்கெனவே பார்த்த அடையாளம் என்றால் தள்ளுபடி. ஆனால் பார்த்ததையெல்லாம் என்றென்றைக்கும் எழுதிவைக்க அன்றைய வட்டுகளில் இடம் ஏது? பழைய அடையாளங்களை அழித்துத்தான் ஆக வேண்டும். அழித்த பிறகு அதே பழைய கட்டுரை எங்கிருந்தோ திரும்பி வந்தால் புதிது போலத் தெரியுமே! அதனால் குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் பழசான எதையும் விசாரிக்காமலேயே மறுக்கும் வழக்கம் வந்தது.

கேள்வி: ‘காசிப்’ முறை என்கிறார்களே, வதந்தி பரவுவது போலச் செய்தியைப் பரப்புவதாமே? அது எங்கிருந்து வந்தது?

ஊர் வதந்தியும் கொள்ளைநோயும் எப்படிப் பரவுகிறதோ அப்படியேதான். அதைக் கணினிக்குக் கொண்டுவந்த பெருமை 1987-ல் ஆலன் டெமர்ஸ் குழுவினர் எழுதிய கட்டுரைக்கு. அவர்கள் இருந்தது கலிஃபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில்.

ஜெராக்ஸின் உள் வலையில் பெயர்களையும் முகவரிகளையும் வைத்திருக்கும் கிளியரிங்ஹவுஸ் என்ற சேவை இருந்தது. ஒரே பட்டியலின் நகல் நூற்றுக்கணக்கான சர்வர்களில். ஓரிடத்தில் ஏதாவது மாறினால் எல்லாவற்றுக்கும் மின்னஞ்சல் போகும். அவற்றில் சில தொலையும். அதைச் சரிசெய்ய இரவில் சர்வர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிந்தால் மறுபடி எல்லாருக்கும் அஞ்சல் போடும்படி வைத்திருந்தார்கள். 300 சர்வர்களில் இருக்கும் பட்டியல் என்றால் இந்த ஏற்பாட்டில் ஓர் இரவில் 90,000 அஞ்சல்கள் கிளம்ப வாய்ப்பிருந்தது. வலை திணறியது.

நோய்ப் பரவல் கணிதத்திலிருந்து அவர்கள் எடுத்த வழி இது. செய்தி தெரிந்த சர்வர் யாரையாவது குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்துச் சொல்லும். கேட்டவரும் அப்படியே வேறு ஒருவருக்குச் சொல்வார். தொடக்கத்தில் தெரிந்தவர் எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய இரட்டிக்கும். தெரிந்தவர் எல்லாரும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் ஆயிரம் கணினிகளுக்குச் சுமார் 17 சுற்று, பத்து லட்சத்துக்குச் சுமார் 34 சுற்று போதும் என்று ஃப்ரீஸ், கிரிம்மெட் என்ற கணித அறிஞர்கள் 1985-ல் தந்த சூத்திரம் சொல்கிறது. கணினிகள் ஆயிரம் மடங்கு கூடினாலும் நேரம் இரண்டு மடங்குதான் கூடுகிறது.

சொல்வதை எப்போது நிறுத்துவது? ‘இது எனக்குத் தெரியுமே’ என்று பதில் வரும்போது சொல்பவரின் ஆர்வம் குறைய வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு பதில் வந்ததுமே நிறுத்திவிட்டால் சுமார் 20 சதவீதம் பேருக்குச் செய்தி போய்ச் சேராது. பதில் வரும்போதெல்லாம் காசு சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் மட்டும் நிறுத்துவது என்று வைத்தால் விடுபடுவோர் 6 சதவீதமாகக் குறைவார்கள். அவர்களையும் விட்டுவிடாமல் இருக்க, எப்போதாவது இரண்டு சர்வர்கள் தங்கள் பட்டியல் முழுவதையும் ஒப்பிட்டுக்கொள்ளும். முதலாவது வேகத்துக்கு, இரண்டாவது உறுதிக்கு. இந்தச் சேர்க்கைதான் அந்தக் கட்டுரையின் ஆகச் சிறந்த பகுதி என்பேன்.

ஒரு பெயரை நீக்கும்போது என்ன ஆகும் என்பதும் சுவையானது. நீங்கள் நீக்கியது அடுத்தவருக்குத் தெரியாது. அவர் தன் பழைய நகலைப் பார்த்து, ‘உங்களிடம் இது விடுபட்டிருக்கிறது’ என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எனவே நீக்கியதையும் ஒரு செய்தியாகவே பரப்ப வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் இறப்புச் சான்றிதழ். யூஸ்நெட்டைப் போலவே இங்கும் அந்தச் சான்றிதழ்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற கேள்வி எழுந்தது. சில சர்வர்களில் மட்டும் அவற்றைத் தூங்க வைத்து, பழைய நகல் தலைகாட்டும்போது எழுப்பினார்கள்.

கேள்வி: தவறான செய்தி ஒன்று அதில் நுழைந்துவிட்டால்?

அதுவும் அதே வேகத்தில் பரவும். 2008 ஜூலை 20 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் நடந்தது அதுதான். சர்வர்கள் ஒன்றின் நிலவரத்தை இன்னொன்றுக்குச் சொல்லும் காசிப் செய்திகள் சிலவற்றில் ஒரே ஒரு பிட் மாறிப்போனது. செய்தி படிக்கும்படியே இருந்தது, ஆனால் சொன்ன தகவல் தவறு. வாடிக்கையாளர் கோப்புகளுக்குச் சரிபார்ப்பு இருந்தது, இந்த உள் செய்திகளுக்கு இல்லை. சர்வர்கள் தங்களுக்குள் பேசுவதிலேயே பொழுதைக் கழிக்க, சேவை பல மணி நேரம் நின்றது. எல்லாப் பேச்சையும் நிறுத்தி, சேர்ந்திருந்த நிலவரத்தைத் துடைத்து, மறுபடி தொடங்கித்தான் சரியானது. ஆர்ப்பாநெட் முடங்கி 28 ஆண்டுகள் ஆன பிறகும், ஒரு பிட் பிசகியது பெரும் வலை ஒன்றை முடக்கிவிட்டது.

கேள்வி: இன்றைய வலைகள் எதைப் பின்பற்றுகின்றன?

பெரும்பாலும் கலவைதான். 2000-ல் வந்த நூடெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலை தேடல் கேள்விகளை ஃப்ளடிங் முறையில் அனுப்பியது. 7 கைமாற்றில் கேள்வி செத்துவிடும் என்பது வழக்கமான வரம்பு. ஒவ்வொருவருக்கும் 4 அண்டையர் என்றால்கூட ஒரு கேள்வி 4,372 கணினிகள் வரை போகும். ஆட்கள் பெருகியதும் டயல்-அப் இணைப்பில் இருந்தவர்கள் மூழ்கிப் போனார்கள்.

2007-ல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் லெய்தாவ், பெரெய்ரா, ரொட்ரிக்ஸ் மூவரும் கொண்டுவந்த ‘பிளம்ட்ரீ’ எனக்கு மிகவும் பிடித்தது. முதல் செய்தி எல்லா இணைப்பிலும் பாயும். இரண்டாம் நகல் எந்த இணைப்பில் வருகிறதோ, ‘இதில் இனி முழுச் செய்தி வேண்டாம், அடையாளம் மட்டும் அனுப்பு’ என்று பெறுபவர் சொல்லிவிடுவார். மிஞ்சும் இணைப்புகள் தாமாகவே ஒரு மரமாக அமைந்துவிடுகின்றன. மரத்தின் கிளை முறிந்தால்? அடையாளம் வந்து செய்தி வராதவர், அடையாளம் சொன்னவரிடமே கேட்டு வாங்கி, அந்த இணைப்பை மறுபடி உயிர்ப்பிப்பார். எத்தீரியம் வலையின் காசிப் முறையிலும் இந்தச் சிந்தனையைக் காணலாம்.

பிட்காயினில் 2013-ல் டெக்கர், வாட்டன்ஹோஃபர் இருவரும் அளந்தபோது, ஒரு புதிய பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) சராசரியாக 12.6 வினாடியில் ஒரு கணினியை எட்டியது. 40 வினாடி கழிந்தும் 5 சதவீதம் கணினிகளுக்குப் போய்ச் சேரவில்லை. பிளாக்கில் இருக்கும் பரிவர்த்தனைகளில் பெரும்பாலானவை பெறுபவரிடம் முன்பே இருக்கின்றன, அவற்றை ஏன் மறுபடி அனுப்ப வேண்டும் என்று யோசித்து, 2016-ல் ஒவ்வொன்றுக்கும் 6 பைட் குறிப்பு மட்டும் அனுப்பும் வழியைச் சேர்த்தார்கள். 2019-ல் ‘எர்லே’ என்ற திட்டம் முன்மொழியப்பட்டது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் எல்லா அண்டையருக்கும் அறிவிப்பதற்குப் பதில், சிலருக்கு மட்டும் உடனே சொல்லி, மற்றவர்களோடு அவ்வப்போது பட்டியலை ஒப்பிட்டுக்கொள்வது. டெமர்ஸ் குழு 1987-ல் செய்த அதே சேர்க்கை. ஒரு கணினி செலவிடும் அலைவரிசையில் 40 சதவீதம் மிச்சமாகும் என்று அதை எழுதியவர்கள் கணக்கிட்டார்கள். மிச்சமாவதைக் கொண்டு அண்டையர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. அண்டையர் கூடக்கூட, ஒரு கணினியைச் சூழ்ந்து வலையிலிருந்து துண்டிக்க நினைப்பவரின் வேலை கடினமாகும்.