கடற்கரைச் சந்தைகள் கற்பிக்கும் பாடம்

திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் நின்று பார்த்தால் காவிரி கிழக்கு நோக்கிச் செல்வதைக் காண்கிறோம். அந்த ஆறு கும்பகோணத்தையும் மயிலாடுதுறையையும் கடந்து பூம்புகாரில் கடலோடு கலக்கிறது. சாலை வழியே சென்றால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். ஆடி அமாவாசை நீராடலுக்கும், நாகூர்க் கந்தூரிக்கும், வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் நம் வட்டாரத்து மக்கள் ஆண்டுதோறும் கடற்கரைக்குச் சென்று வருகின்றனர். வழிபாடு முடிந்ததும் கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்புகின்றனர்.

அந்தக் கடைத்தெருவையே ஒரு பாடசாலையாகக் கருதிப் பார்ப்பவர் சிலரே. விவசாயிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் அங்கு இரண்டு பொருள்களைக் கவனித்தல் வேண்டும். ஒன்று உணவு, மற்றொன்று பழம்பொருள். முன்னதை நல்ல விலைக்கு விற்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். பின்னதை விற்பதற்கு முன் யோசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

துறைமுகமும் அங்காடியும்

நம் கடற்கரையில் வாணிகம் புதியதன்று. புகார் நகரின் நாளங்காடியைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அத்துறைமுகத்தில் வந்திறங்கிய குதிரைகளையும், மிளகு மூட்டைகளையும், ஈழத்து உணவுப் பொருள்களையும் பட்டினப்பாலை வரிசைப்படுத்துகிறது. பிற்காலத்தில், 1620-ஆம் ஆண்டு, தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். உள்நாட்டில் விளைந்ததும் நெய்ததும் கடல் வழியே சென்றன. கடல் கடந்து வந்தவை நம் வீடுகளுக்குள் நுழைந்தன. கடற்கரை ஊர்களின் உணவு பலவகைப்பட்டதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

உணவுக் கடைகளில் கவனிக்க வேண்டியவை

நாகூரில் வாடா என்னும் பலகாரம் பெயர் பெற்றது. அரிசி மாவு, வெங்காயம், சிறிய இறால் ஆகியவையே அதன் சரக்கு. அரிசி நம் வயலில் விளைவது. இறால் அவர்கள் கடலில் கிடைப்பது. இரண்டையும் சேர்த்து, ஊரின் பெயரையும் சேர்த்து விற்கிறார்கள். மூட்டை நெல்லாக விற்கும்போது கிடைக்காத வருவாய், பலகாரமாகும்போது கிடைக்கிறது. நம் திருவையாற்று அசோகா அல்வாவும் அத்தகையதே. பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் எங்கும் உள்ளவை. ஆயினும் ஊர்ப் பெயரே அதற்கு விலை கூட்டுகிறது.

மீன் வாங்குவோர் செவுளைத் தூக்கிப் பார்த்தல் நலம். செவுள் சிவந்தும், கண் தெளிந்தும், விரலால் அழுத்திய தசை உடனே மேலெழும்பியும் இருப்பின் அது புதிய மீன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனம் பெருக்கும் காலம் ஆதலால் இந்த ஏற்பாடு. அக்காலத்தில் சந்தையில் வரத்துக் குறைந்து விலை ஏறுவது இயல்பு.

கருவாட்டுக் கடையில் ஒரு செய்தியைக் கேட்டறிதல் வேண்டும். மணலில் பரப்பிக் காயவைத்த கருவாடு எது, பரண் கட்டி அதன்மேல் காயவைத்தது எது என்று விசாரித்தால் கடைக்காரரே சொல்வார். பின்னதில் மண் இராது. ஆகவே விலையும் கூடுதலாகக் கேட்கலாம். நெல்லைத் தார்ச்சாலையில் காயவைத்துக் கல்லும் மண்ணும் கலந்து கொடுக்கும் நமக்கும் இது பொருந்தும். சுத்தம் என்பது செலவன்று, வருமானம் என்பதைக் கருவாட்டுக் கடையிலும் கற்கலாம்.

பழம்பொருள் கடைகள்

புதுச்சேரியில் ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி வீதியில் கூடும் சந்தையில் பழைய புத்தகங்களும் பயன்படுத்திய பொருள்களும் குவிகின்றன. அந்நகரில் பழம்பொருளுக்கென்றே தனிக் கடைகளும் உள்ளன. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலும் இத்தகைய கடைகள் உண்டு. பித்தளைத் தவலை, வெற்றிலைச் செல்லம், மரக்கால், படி, உழக்கு, முறுக்கு நாழி, மரப் பத்தாயத்தின் கதவு எனப் பலவற்றை இத்தகைய கடைகளில் காணலாம். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? நம் கிராமத்து வீடுகளிலிருந்துதான்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், வீட்டைப் புதுப்பித்தபோது பாட்டியாரின் பித்தளை அண்டாவையும் மரக்காலையும் தெருவில் வந்த வியாபாரியிடம் எடைக்குப் போட்டனர். சில மாதங்களுக்குப் பின் கடற்கரை ஊர் ஒன்றில் அதே போன்ற மரக்காலுக்கு அவர்கள் பெற்றதைப் போலப் பன்மடங்கு விலை சொல்லப்பட்டதைக் கேட்டு வருந்தினர். வியாபாரியைக் குறை கூறிப் பயனில்லை. அவர் பொருளின் மதிப்பை அறிந்திருந்தார், நாம் அறியவில்லை.

1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்த பின்னர் மரக்காலும் படியும் வழக்கொழிந்தன. நம் பிள்ளைகள் அவற்றைப் பள்ளிக்கூடத்திலும் காண்பதில்லை. ஊருக்கு ஒரு மரக்காலாவது மிஞ்ச வேண்டாமா?

மண்ணுக்குள் கிடைப்பவை

வீட்டுப் பாத்திரத்தை விற்பது அவரவர் உரிமை. ஆனால் மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் படிமமும் செப்பேடும் காசும் அவ்வாறல்ல. 1951-52-இல் பூம்புகாரை அடுத்த திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சோழர் காலச் செப்புப் படிமங்கள் இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளன. அவற்றுள் ரிஷபவாகன தேவரைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட படிமங்களும், தேவாரப் பாடல்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. உடனே அதிகாரிகளுக்குச் செய்தி சென்றது, பொருள்கள் காக்கப்பட்டன.

செய்தி சொல்லாததால் நேர்ந்ததையும் அறிதல் வேண்டும். 1976-இல், இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ள பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டும்போது நடராசர் முதலிய படிமங்கள் கிடைத்தன. நடராசர் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தார். 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அவரை இலண்டனில் விலைக்கு வாங்கியது. பின்னர்ப் போலீசார் கைப்பற்ற, வழக்கு நடந்தது. பத்தூரில் கிடைத்த மற்றப் படிமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது வழக்கிற்குத் துணை நின்றது. மேல்முறையீடும் முடிந்து 1991-இல்தான் நடராசர் நாடு திரும்பினார். ஒரு நாளில் சொல்லியிருக்க வேண்டிய செய்தியைச் சொல்லாததற்குப் பதினைந்து ஆண்டு விலை கொடுத்தோம்.

கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் வாங்கியது. 2014-இல் திருப்பித் தந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த புகைப்படம் அதற்குப் பெரிதும் உதவியது. படம் இல்லையேல் சாட்சி இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.

சட்டம் கூறுவது

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. முறைப்படி தெரிவிப்பவரின் உரிமைக்கும் அச்சட்டம் இடம் தந்துள்ளது.

தொல்பொருள், கலைச்செல்வங்கள் பற்றிய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்பு வாய்ந்த சுவடியும் அதன்படி தொல்பொருளாகும். அவற்றை வணிகம் செய்ய உரிமம் தேவை. தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. ஆகவே பிரயாணத்தில் பழைய சிலையோ சுவடியோ விலைக்கு வந்தால், மலிவென்று வாங்கிவிடாமல் உரிமத்தையும் பதிவுச் சான்றையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். புதிய படிமம் வேண்டுவோர் சுவாமிமலையிலும், விளக்கு வேண்டுவோர் நாச்சியார்கோவிலிலும் கைவினைஞரிடமே வாங்கலாம். காசு தொழிலாளிக்குச் சேரும், பயமும் இல்லை.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

1. ஆண்டுக்கு ஒரு முறை உறுப்பினர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கூடிக் கடற்கரைச் சந்தை ஒன்றைப் பார்த்து வரலாம். எப்பொருள் எவ்வடிவில் என்ன விலைக்குப் போகிறது என்று குறித்து வருதல் வேண்டும்.

2. தியாகராசர் ஆராதனை நாட்களில் வெளியூரார் திருவையாற்றில் திரளாகக் கூடுகின்றனர். சுற்றுக் கிராமத்தார் தம் அரிசிப் பலகாரங்களையும் பாரம்பரிய அரிசியையும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு அங்கு விற்கலாம்.

3. நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு அலமாரி ஒதுக்கி, ஊரில் மிஞ்சியுள்ள மரக்கால், படி, ஏர்க் கருவிகள் ஆகியவற்றைக் கொடுத்தவர் பெயருடன் வைக்கலாம்.

4. ஊர்க் கோயில் படிமங்களைக் கோயில் நிர்வாகத்தின் இசைவுடன் நாற்புறமும் படமெடுத்து, உயரத்தை அளந்து, பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.

5. குளம் தூர்வாரும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் பழம்பொருள் கிடைத்தால் வேலையை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று கிராம சபையில் எடுத்துரைத்தல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. நம் வயலின் விளைச்சல் நல்ல விலைக்குக் கடைத்தெரு செல்லட்டும். நம் முன்னோர் விட்டுச் சென்றவை நம் ஊரிலேயே நிற்கட்டும். அடுத்த முறை கடலாடிவிட்டுத் திரும்பும்போது பையில் பொருளோடு இந்தப் பாடத்தையும் கொண்டு வருவோமாக.