கிணற்றைக் கேட்டுவிட்டு முன்பணம் அனுப்புங்கள்

“மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியுமா சார்?” போனில் பேசுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். தெரியாது. பொறையாருக்குப் பக்கத்துக் கிராமத்தில், வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே இருக்கிறது எங்கள் தாத்தா கட்டிய வீடு. தரங்கம்பாடிக் கடற்கரைக்கு வண்டியில்தான் போகவேண்டும். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று வருகிற குடும்பங்களுக்கு முழு வீடாக வாடகைக்கு விடுகிறோம். நல்ல நாட்களில் கோயிலைச் சுற்றி அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இப்படிப் பல வீடுகள் வந்துவிட்டன. எந்த வீட்டை எடுத்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

முதலாவது தண்ணீர். ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் என்பது உள்நாட்டுக் கணக்கு. கடலோரத்தில் அது செல்லாது. மணலில் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. மோட்டார் போட்டு உறிஞ்சி மேல்மட்டம் இறங்க இறங்க, உப்பு அதே வேகத்தில் இல்லை, பல மடங்கு மேலே ஏறும். எங்கள் கொல்லைக் கிணறு ஆழமில்லாதது. அதில்தான் பருப்பு வேகும். தெருக்கோடியில் ஆழமாக போர் போட்ட வீட்டில் சோப்பு நுரைப்பதில்லை, குளித்தால் தலைமுடி சிக்கு விழுகிறது. ஆகவே “கிணறா, போரா? சோப்பு நுரைக்குமா?” என்று நேராகவே கேளுங்கள்.

அடுத்தது தொட்டியின் கொள்ளளவு. விடிகாலை நான்கு மணிக்கு இருபது பேர் ஒரே நேரத்தில் குளித்துக் கிளம்புவார்கள். வாளியில் மொண்டு குளித்தாலே ஆளுக்கு ஐம்பது லிட்டர் போகும்; ஆயிரம் லிட்டர்த் தொட்டி அங்கேயே காலி. ஷவரைத் திறந்துவிட்டால் கடைசியில் குளிக்கப் போகிறவருக்குத் தண்ணீர் மிஞ்சாது; அவர் பெரும்பாலும் மாப்பிள்ளைதான், அதாவது அறுபது வயது அப்பா. அண்டா, டிரம் எல்லாவற்றையும் முந்தின இரவே நிரப்பி வையுங்கள். கரண்ட் நாள் பார்த்துப் போவதில்லை.

படுக்கையறை எத்தனை என்பதைவிடக் குளியலறை எத்தனை என்பது முக்கியம். பாயை விரித்தால் கூடத்தில் பதினைந்து பேர் படுத்துவிடலாம். கீழ்த்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். விழா நாயகர்களே முட்டிவலிக்காரர்கள்.

பூஜை முடிந்த மறுநாள் எல்லோருக்கும் மீன் ஆசை வரும். இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். நாட்டுப்படகு, ஃபைபர் படகில் வருவது கொஞ்சம், விலையும் ஏறியிருக்கும். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், கரையில் கூறு போட்டிருக்கும் நெத்திலி, கிழங்கான், காரப்பொடியை வாங்குங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்கவேண்டும். அரிவாள்மனை வைத்து உட்கார்ந்திருக்கும் அக்காக்களிடம் கொஞ்சம் காசு கொடுத்து அங்கேயே ஆய்ந்து வாங்கி வந்துவிடுங்கள். வாடகை வீட்டுச் சமையலறையில் செதில் அடைத்துக்கொண்டால் யாருக்கும் நிம்மதி இல்லை. அசைவத்துக்கு அனுமதி உண்டா என்பதையும் முன்பே கேளுங்கள். எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டப்படி, மீன்குழம்பு கொல்லைக் கொட்டகை அடுப்பில் மட்டும்.

கடலில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரங்கம்பாடிக் கோட்டையை ஒட்டிக் கொட்டியிருக்கும் பாறைகள் வழுக்கும். கரையில் நிற்கும் மீனவர் “தண்ணி இழுக்குது” என்றால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

ஒரே நாளில் திருநள்ளாறு, கீழப்பெரும்பள்ளம், திருவெண்காடு, பூம்புகார், மாலையில் கோட்டை என்று பட்டியலோடு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே மூச்சு வாங்கும். பாதியை வெட்டுங்கள். டேனியர்கள் 1620இல் கட்டி, 1845இல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன கோட்டை அது. வெயில் தாழ்ந்தபின் போய் நிதானமாகப் பாருங்கள். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

ஆறு மணிக்குள் ஜன்னலைச் சாத்திவிடுங்கள், கொசு பிறகு கேட்காது. இரவில் வாசலில் இறங்கும்போது டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள்.

கடைசியாகத் தேதி. பிறந்த மாதமும் நட்சத்திரமும் பார்த்து நடத்துகிற விழா என்பதால் பருவம் உங்கள் கையில் இல்லை. அப்பா ஐப்பசியிலோ கார்த்திகையிலோ பிறந்தவர் என்றால் நல்ல அடைமழையில்தான் வருவீர்கள். இது காவிரியின் கடைமடை. மேலே பெய்ததெல்லாம் வடிய இங்கேதான் வரும். வயல்வழிப் பாதையில் வேன் புதையும், வயதானவர்களை இறக்கி நடத்த முடியாது. அந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும், தார்ச்சாலையை ஒட்டி மேடான மனையில் இருக்கும் வீடாகப் பாருங்கள். எங்கள் வீடு வேண்டாம்.