காயிலை மாற்றினால் மட்டும் போதுமா?



இக்னிஷன் சிஸ்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது லேபில் போர்டில் மாட்டியிருக்கும் பாட்டரி, காயில், சி.பி. பாயிண்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர்தான். பரீட்சையில் படம் போட்டு பாகம் குறித்தால் மார்க் வந்துவிடும். ஆனால் அந்தப் படத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அது புரியாமல் பெரிய எஞ்சினில் கை வைத்தால் புதுக் காயிலும் கருகிப்போகும். ஒரு நிஜ எஞ்சினை வைத்தே அதைப் பார்ப்போம்.

எந்த எஞ்சின்?

நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர், ஆர்32 மாடல். 1989 முதல் 1994 வரை ஜப்பானில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் பெயர் ஆர்.பி.26. வரிசையாக 6 சிலிண்டர், 2568 சி.சி., இரண்டு டர்போ. டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில். அவற்றுக்கு ஸ்விட்ச் போடுவது தனியாக இருக்கும் இக்னைட்டர் பெட்டி. நம் சி.பி. பாயிண்ட் செய்த வேலையைத்தான் அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் தேய்மானம் இல்லாமல் செய்கின்றன.

இந்தக் காயில்கள் இரண்டு கேம் கவர்களுக்கு நடுவே, மூடிக்குக் கீழே, சூட்டில் வெந்துகொண்டே இருக்கின்றன. முப்பது வருஷத்துக்கு மேல் ஆனால் இன்சுலேஷன் வெடிக்காமல் என்ன செய்யும்? டர்போ பூஸ்ட் ஏறும்போது சிலிண்டரில் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜ் சுலபமான வழி தேடி, காயிலின் வெடிப்பு வழியாக ஹெட்டுக்குப் பாய்ந்துவிடும். ஐடிலில் நன்றாக ஓடும் வண்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் விக்குவது இதனால்தான்.

இதற்கு இன்று பலரும் செய்யும் மாற்று, 2007-ல் வந்த ஆர்35 ஜி.டி.-ஆர் காரின் காயில்களைப் போடுவது. அவற்றில் ஸ்விட்ச் டிரான்சிஸ்டர் காயிலுக்குள்ளேயே இருக்கிறது. அதாவது பழைய இக்னைட்டர் பெட்டிக்கு இனி வேலை இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

காயிலில் சேரும் சக்தி = இண்டக்டன்ஸ் × கரண்ட்டின் வர்க்கம் ÷ 2. கணக்குக்காக ஒரு காயிலை எடுத்துக்கொள்வோம்: 4 மில்லி ஹென்றி, 0.5 ஓம், தேவையான கரண்ட் 6 ஆம்பியர். சக்தி 72 மில்லி ஜூல் வருகிறது.

ஸ்விட்ச் போட்டவுடன் 6 ஆம்பியர் வந்துவிடாது, படிப்படியாகத்தான் ஏறும். ஏறுவதற்குக் கொடுக்கும் நேரமே டுவெல் டைம். எஞ்சின் ஓடும்போது, 14 வோல்ட்டில், இந்தக் காயிலுக்கு சுமார் 1.9 மில்லி செகண்ட் வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினால் 3.2 மில்லி செகண்ட் ஆகும். ஒரே காயில்தான், ஆனால் வோல்டேஜ் மாறினால் நேரமும் மாறுகிறது.

சரி, எதற்கு வம்பு, எப்போதும் 4 மில்லி செகண்ட் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். 14 வோல்ட்டில் 4 மில்லி செகண்ட் கொடுத்தால் கரண்ட் 11 ஆம்பியர் வரை போகப் பார்க்கும். கோர் அதற்கு முன்பே சாச்சுரேட் ஆகிவிடலாம். அப்புறம் மிச்சமெல்லாம் வெறும் சூடு. ஸ்பார்க் கூடாது, டிரான்சிஸ்டர்தான் போகும்.

இன்னொரு விஷயம். 8000 ஆர்.பி.எம்.மில் எஞ்சின் இரண்டு சுற்று சுற்ற 15 மில்லி செகண்ட். 6 சிலிண்டருக்கும் ஒரே காயில் என்றால் ஒரு ஸ்பார்க்குக்குக் கிடைப்பது 2.5 மில்லி செகண்ட்தான். சார்ஜ் ஆவது, எரிவது எல்லாம் அதற்குள் முடியவேண்டும். தனித்தனிக் காயில் என்றால் முழு 15-ம் கிடைக்கும். பிளக்குக்கு ஒரு காயில் வைத்ததன் லாபம் இதுதான்.

வயரிங் முறை

1. பழைய இக்னைட்டரைக் கழற்றி, ஈ.சி.யூ.விலிருந்து அதற்குப் போன 6 சிக்னல் வயர்களை அந்தந்தக் காயிலுக்கு நேரே கொண்டுபோகவும். இக்னைட்டரை நடுவில் விட்டுவைத்தால் சிக்னல் சரியாகப் போய்ச் சேராது. இதையே தலைகீழாக, டிரான்சிஸ்டர் இல்லாத பழைய காயிலை ஈ.சி.யூ. சிக்னலில் நேரே மாட்டினால் ஈ.சி.யூ. காலி!

2. பாசிட்டிவ் சப்ளையைப் பழைய மெல்லிய வயரில் எடுக்காமல் ரிலே வழியாக எடுக்கவும். பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ரிலேயின் 30-க்கு, 87-லிருந்து காயில்களுக்கு, பழைய இக்னிஷன் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு.

3. எர்த்தை இளக்காரமாக நினைக்காதீர்கள். முன்பு இக்னைட்டர் வழியாக எர்த்துக்குப் போன கரண்ட் இப்போது காயிலின் எர்த் பின் வழியாகப் போகிறது. தடித்த வயர் போட்டு, பெயிண்ட் சுரண்டி, சிலிண்டர் ஹெட்டிலேயே போல்ட் போட்டு இறுக்கவும். சென்சார்களின் எர்த்தோடு இதைச் சேர்க்கவே கூடாது.

4. பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வயர் கலரை நம்பாமல் டிராயிங்கைப் பார்த்து மாட்டவும். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. ஒவ்வொரு வயரிலும் சிலிண்டர் நம்பரை ஒட்டிவிடுங்கள்.

5. புதுக் காயிலின் டேட்டா ஷீட்டில் உள்ள டுவெல் டேபிளை வோல்டேஜ் வாரியாக ஈ.சி.யூ.வில் ஏற்றவும். ஒரிஜினல் ஈ.சி.யூ. பழைய காயிலின் கணக்கைத்தான் வைத்திருக்கும். டேபிளை மாற்ற வழி இருக்கிறதா என்று காயில் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

6. சிக்னல் ஏறும்போது சார்ஜ், இறங்கும்போது ஸ்பார்க் என்பதுதான் இந்த வகையில் வழக்கம். ஈ.சி.யூ.வில் இதைத் தலைகீழாக வைத்தால், ஸ்பார்க் வரவேண்டிய நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் காயிலில் கரண்ட் ஓடும். சாவியைத் திருப்பி வைத்தாலே போதும், சில நொடிகளில் காயில் கொதித்துவிடும்.

சோதனை

முதலில் இன்ஜெக்டர் கனெக்டரையும் பியூயல் பம்ப் பியூஸையும் கழற்றிவிட்டு ஸ்பார்க் டெஸ்டரில் பார்க்கவும். பிளக்கைக் கையில் பிடித்துப் பார்க்கும் வீரம் வேண்டாம். அங்கே பல்லாயிரம் வோல்ட் இருக்கிறது. காயிலின் நுனியை அந்தரத்தில் விட்டும் சோதிக்கக்கூடாது, உள்ளே இன்சுலேஷன் கிழியும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி வோல்டேஜையும் காயில் பின்னில் வரும் வோல்டேஜையும் ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை. கடைசியாக டைமிங் லைட் பிடித்துப் பார்க்க மறக்கவேண்டாம்.

நண்பர்களே, இதில் காயில் வாங்குவது பணம் இருக்கிற யாரும் செய்கிற வேலை. அதற்கு வேண்டிய கரண்ட் எவ்வளவு, எந்த வழியில் போகும், எத்தனை நேரம் ஓடவேண்டும் என்று பார்ப்பதுதான் டிப்ளமோ படித்தவன் வேலை. அடுத்த முறை லேபில் அந்தப் பழைய போர்டைப் பார்க்கும்போது, பாயிண்ட் மூடியிருக்கும் அந்தச் சின்ன நேரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். ஆர்.பி.26-ம் அதே கணக்கில்தான் ஓடுகிறது.