அத்திக்காயிலிருந்து தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிரியர் பயிற்சியில் உனக்கு ஒன்பதாம் வகுப்பு உயிரியல் கிடைத்திருப்பதில் மகிழ்ச்சி. பிள்ளைகளை மைசூர் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தாய். போகலாம், 1892-இல் தொடங்கிய பழைய காட்சிசாலை, பார்க்க நிறைய உண்டு. ஆனால் ஒரு வகுப்பையே வரிசை கட்டி ஒரே நாளில் சுற்றிக் காட்டினால், வீடு திரும்பும்போது அவர்கள் நினைவில் நிற்பது ஐஸ்கிரீம்தான். ஊரெல்லாம் சுற்றுவதைவிட ஒரே மரத்திடம் நாலு முறை போவது மேல்.

மைசூர்ப் பக்கம் அத்திமரத்துக்குப் பஞ்சமில்லை. அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்த்திருக்கும். பழுக்கப்போகிற நிலையில் ஒரு காயைப் பறித்து நீளவாக்கில் அறுத்துக் காட்டு. பாடப்புத்தகத்தின் செம்பருத்திப் படத்தை மறந்துவிட்டு, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேள். விதை என்பார்கள். கைலென்ஸைக் கொடு. நாம் காய் என்று நினைத்தது, நூற்றுக்கணக்கான பூக்களை உள்ளே அடைத்துவைத்த பை என்பது அப்போது தெரியும். அதற்குள் இறக்கையில்லாத, வெளிறிய பூச்சிகள் ஊர்ந்தால் அவை ஆண் குளவிகள். பெண்ணோடு இணைந்து, அது வெளியேறச் சுவரில் துளை போட்டுவிட்டுப் பெரும்பாலும் அங்கேயே சாகும். பெண், மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வேறு காய் தேடிப் போகும். காயின் நுனியிலுள்ள இடுக்கு வாசலில் நுழையும்போது அதன் இறக்கையே பிய்ந்துவிடும். காயின் வெளிப்புறத்தில் நீண்ட ஊசியை இறக்கி நிற்கும் குளவி வேறு; அது மகரந்தம் சேர்க்காமல் வெளியிலிருந்தே முட்டையிடும் ஓசிக் குடித்தனக்காரன். அதைப் பிடிக்கக் கட்டெறும்பும் முசுறும் காத்திருக்கும். மகரந்தச் சேர்க்கை, உருமாற்றம், ஒட்டுண்ணி, உணவுச்சங்கிலி எல்லாம் ஒரே கொத்தில்! பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரெனீ போர்ஜஸும் அவர் மாணவர்களும் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருப்பது இதே அத்தியையும் குளவியையும்தான்.

அடுத்தது உண்ணிச்செடி. சாமுண்டி மலைச்சரிவில் வேண்டாத அளவுக்கு மண்டிக்கிடக்கிறது. ஒரே கொத்தில் மஞ்சள் பூவும் சிவந்த பூவும் இருக்கும். பட்டாம்பூச்சி எதில் அதிகம் உட்காருகிறது என்று பத்து நிமிடம் கோடு போட்டு எண்ணச் சொல். பெரும்பாலும் மஞ்சளுக்குத்தான் கோடு கூடும்: அது தேனுள்ள புதுப்பூ, சிவந்தது வயதான பூ. இந்த விடையை நீ முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் கணக்கெடுப்பு வெறும் சடங்காகிவிடும்.

பறவைக்கு மானசகங்கோத்ரி பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய குக்கரஹள்ளி ஏரி போதும். பஸ் கிடைத்தால் மட்டும் ரங்கனதிட்டு. சலீம் அலி எடுத்துச்சொல்லி 1940-இல் சரணாலயமான இடம் அது. அங்கே நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். நத்தையை நசுக்கத்தான் அந்தச் சந்து என்று பிள்ளைகள் சொல்வார்கள். பெரியவர்களே வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் கூரான அலகு நுனியை விட்டுத் தசையை அறுத்து வெளியே இழுக்கிறது. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது. ஏனென்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு வாரம் தவணை கொடு.

2005-ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டமே பாடத்தைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைக்கச் சொன்னது. தலைமையாசிரியர் தயங்கினால் அதைக் காட்டு. பூச்சிக்கும் மரத்துக்கும் வீட்டில் சொல்லும் கன்னடப் பெயரையே பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும், லத்தீன் பிறகு வரும். மாதத் தேர்வில் படம் வரையச் சொல்லாமல் ஆளுக்கொரு அத்திக்காய் கொடுத்துப் பார். அறுக்கும் கத்தி மட்டும் உன் கையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்