காடு காணச் செல்லுமுன்

நம் தமிழ் மன்றத்தின் சென்ற கூட்டத்தில், இவ்வாண்டுச் சுற்றுலா எங்கே என்ற கேள்வி எழுந்தது. "காட்டுக்கே போவோம்; யானை பார்க்காத சுற்றுலாவும் ஒரு சுற்றுலாவா?" என்றார் நண்பர் ஒருவர். மன்றமே கைதட்டியது. நான் தட்டவில்லை. விலங்கியல் முதுகலை படிப்பவன் காட்டுக்கு வர மறுக்கிறானே என்று சிலர் வியந்தனர். நான் மறுக்கவில்லை, நண்பர்களே. எப்படிப் போவது என்று எண்ணிப் பார்க்காமல் எங்கே போவது என்று முடிவு செய்யக் கூடாது என்பதே என் கருத்து. மூன்று நிமிடத்தில் மேடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது அம்பாசமுத்திரத்தில். எனக்கு ஏழு வயது ஆகும்போது அப்பா பிழைப்பைத் தேடிப் பாறசாலைக்கு வந்தார். இன்றும் அங்கேதான் குடியிருக்கிறோம். ஊரில் இருந்தவரை பொதிகைமலை கதிரவன் மறையும் பக்கத்தில் நின்றது. இங்கு வந்த பின் கதிரவன் எழும் பக்கத்தில் நிற்கிறது. கிழக்கே இறங்கும் நீர் தாமிரபரணி. மேற்கே இறங்கும் நீர் நெய்யாறு. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டின் இப்பால் வாழும் தமிழன் நான். நாள்தோறும் ரயிலில் நெய்யாற்றைக் கடந்துதான் பல்கலைக்கழகம் வருகிறேன். ஆகவே அந்த மலை எனக்கு வேடிக்கை பார்க்கும் இடம் அன்று. எங்கள் கிணற்று நீர் வரும் இடம்.

சென்ற ஆண்டு நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நண்பர்கள் அறுவர் சேர்ந்து, வேறொரு மலைப்பகுதிக்குத் தனியார் ஏற்பாடு செய்த காட்டுலாவுக்குச் சென்றோம். "யானை உறுதி, இல்லாவிட்டால் பாதிப் பணம் வாபஸ்" என்றார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஜீப் புறப்பட்டது. ஓட்டுநர் பெரிய விளக்கு ஒன்றைப் புதர்களின் மேல் வீசிக்கொண்டே போனார். ஒரு வளைவில் யானைக் கூட்டம் நின்றது; நடுவில் ஒரு கன்று. வண்டியை நிறுத்தி, எஞ்சினை உறுமவிட்டு, ஒலிப்பானையும் அழுத்தினார். தாய் யானை காதை விரித்து நான்கடி முன்னால் பாய்ந்து நின்றது. நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். நான் எடுத்த படத்தை எத்தனையோ பேர் பாராட்டினார்கள். காட்டுக்குள் இரவில் அப்படி வண்டி விடுவதற்கு இசைவே கிடையாது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஆனால் என்னை வருத்தியது சட்டம் அன்று. மறுநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கன்று தாயின் கால்களுக்கிடையே முழுவதும் ஒடுங்கி நின்றது. அதைக் காணாமல் நான் கைதட்டியிருக்கிறேன்!

விலங்குக்கு அதனால் என்ன கேடு, சிறிது நேரத்தில் மறந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். விலங்கு அஞ்சும்போது அதன் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து ஒருவகை ஹார்மோன் குருதியில் கலக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ அது துணை செய்யும். ஒருநாள் சுரந்தால் நன்மையே. நாள்தோறும் சுரந்தால் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும், இனப்பெருக்கமும் தளரும். இந்த ஹார்மோனின் எச்சப் பொருள் சாணத்தில் வெளிவருவதால், விலங்கைப் பிடிக்காமலே அளந்துவிடலாம். ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர், கன்ஹா காடுகளில் புலிகளின் எச்சத்தைச் சேகரித்து அளந்து, 2019-இல் முடிவை வெளியிட்டனர். சுற்றுலாப் பருவத்தில் அந்த அளவு கூடியிருந்தது. வண்டிகளின் நடமாட்டத்தோடு அது தொடர்புற்றிருந்தது. புலி வெளியில் காட்டிக்கொள்ளாமல் படுத்திருக்கலாம். அதன் சுரப்பி பொய் சொல்வதில்லை.

ஆகவே நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் ஒன்றே: நாம் மகிழ்வதற்காக அந்த விலங்கு தன் அன்றாட வேலையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறதா? மாற்ற வேண்டுமாயின் அந்தச் சுற்றுலா வேண்டா. "யானை உறுதி" என்று எவரேனும் சொன்னால், யானையை எப்படி உறுதி செய்கிறீர் என்று கேளுங்கள். உணவு வைத்தோ, துரத்தியோ, கட்டியோதான் உறுதி செய்ய முடியும். நான்காவது வழி இல்லை.

நம் வீட்டு வாசலிலேயே இதற்குச் சான்று உண்டு. நெய்யாற்று அணைக்கட்டின் நீர்த்தேக்கத்தில், மரக்குன்னம் என்னும் தீவில், 1984-இல் சிங்க உலாப் பூங்கா ஒன்றைத் தொடங்கினர். கேரளத்துக் காட்டில் சிங்கம் ஏது? ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது குசராத்தின் கிர்ப் பகுதியில் மட்டுமே. ஆனாலும் மக்கள் படகிலும் கம்பிக்கூண்டு வண்டியிலும் சென்று பார்த்தனர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நானும் வரிசையில் நின்றவன்தான். ஒரு காலத்தில் பத்துக்கு மேல் இருந்த சிங்கங்கள், இடம் போதாமல் ஆண்களுக்குக் கருத்தடை செய்யப்பட்ட பின் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2021-இல் எஞ்சியிருந்த முதிய பெண்சிங்கமும் மாண்டது, பூங்கா மூடப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் அந்தத் தீவைச் சுற்றியிருந்த நெய்யாறு சரணாலயத்தை, 1958 முதல் 128 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் உண்மைக் காட்டை, எத்தனை பேர் திரும்பிப் பார்த்தோம்?

அதே சரணாலயத்தின் கோட்டூர்ப் பக்கம் காப்புக்காட்டில் 2006 முதல் யானை மறுவாழ்வு மையம் நடக்கிறது. கூட்டத்தைப் பிரிந்த கன்றுகளும் வயது முதிர்ந்த யானைகளும் அங்கே வளர்கின்றன. போகலாமா? போகலாம். ஆனால் அது காடு அன்று. யானைகளின் அநாதை இல்லம், மருத்துவமனை என்ற நினைவோடு போக வேண்டும். 2021-இல் அங்கே இரு யானைக் கன்றுகள் ஹெர்ப்பீஸ் வகை வைரசால் அடுத்தடுத்து இறந்தன. வளர்ந்த யானையின் உடலில் அடங்கிக் கிடக்கும் அந்நோய், தாய்ப்பாலின் காப்பு விலகிய கன்றைச் சில நாளில் கொன்றுவிடும். மருத்துவமனைக்குப் போனால் நோயாளியைக் கட்டிக்கொண்டு படம் எடுப்போமா?

பிழை வணிகருடையது மட்டும் என்று நினைக்க வேண்டா. எங்கள் அம்பாசமுத்திரத்தார் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்று காட்டில் தங்குவர். அது 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் இருக்கும் கோயில். ஆற்றில் பழந்துணி விட்டதும், குரங்குக்குச் சோறு போட்டதும் என் சிறுவயதுக் காட்சிகள். குரங்குக்கு இட்டால் புண்ணியம் என்பாள் பாட்டி. சோற்றுக்குப் பழகிய குரங்கு சாலையோரத்திலேயே காத்திருக்கும்; ஒருநாள் சக்கரத்தில் சிக்கும். பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வீட்டுக் காக்காய்க்குப் போடலாமில்லே?" என்றாள். போடலாம் பாட்டி என்றேன்.

இனிப் பணத்தைப் பற்றி. பெரியாறு காப்பகத்தில், 1990-களின் இறுதியில், காட்டு வயணமரப் பட்டையை உரித்துத் திருடி விற்றுவந்த இருபதுக்கு மேற்பட்டோர் குற்ற வாழ்வை விட்டு வனத்துறையோடு சேர்ந்தனர். விலங்கின் தடம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களையே வழிகாட்டிகளாக்கிச் சிறு சிறு குழுக்களைக் கால்நடையாக அழைத்துச் செல்லும் ஏற்பாடு வந்தது. காட்டைக் காவல் காப்பதும் அவர்கள் பொறுப்பாயிற்று. பயணி கொடுக்கும் கட்டணம் அவர்கள் வீட்டு அடுப்பை எரிக்கிறது. ஆதலால் காடு நின்றால்தான் அவர்களுக்கு வாழ்வு. இப்படி ஒரு கணக்கைச் சொல்ல முடியாத சுற்றுலாக்காரரிடம் நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?

நம் மலையிலும் அதற்கு இடமுண்டு. பொதிகையின் இருபக்கமும் வாழ்பவர்கள் காணி மக்கள். 1987-இல் அறிவியலார் குழு ஒன்று அவர்களோடு மலையேறியது. மற்றவர் களைத்துச் சாய, வழிகாட்டிய காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்று சோர்வின்றி நடந்தனர். அக்காய் தந்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டு வெப்பமண்டலத் தாவரவியல் நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, உரிமப் பணத்தில் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. 1997-இல் அதற்காக அவர்கள் பெயரில் அறக்கட்டளை பதிவாயிற்று. அத்தகையோர் நமக்கு முன்னால் நடந்து வழி சொன்னால், அதைவிடச் சிறந்த விரிவுரை எந்த வகுப்பில் கிடைக்கும்?

அகத்தியர்கூடம் 1868 மீட்டர் உயரம். போனக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலையில் தங்கி, ஏறி இறங்க மூன்று நாள் ஆகும். பெரும்பாலும் சனவரி முதல் மார்ச்சு வரை வனத்துறை இசைவு தருகிறது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. பிளாஸ்டிக் கொண்டு போகக் கூடாது. 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் பெண்களும் ஏறுகின்றனர். ஆனால் அது தங்கள் தெய்வத்தின் இடம் என்று காணிகள் மனம் வருந்தினர் என்பதையும் மறைக்கலாகாது. நம் மன்றச் சகோதரிகள் வரவேண்டும் என்பதே என் கருத்து. உச்சியில் ஆரவாரம் செய்யாமல் வழிகாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடப்பது நம் எல்லோர் கடமை. இதில் மாறுபட்ட எண்ணம் உடையவர்கள் அடுத்த இதழில் எழுதலாம்.

யானை தென்படுமா? தெரியாது. இலத்தி தென்படும்; எத்தனை மணி நேரத்துக்கு முந்தையது என்று வழிகாட்டி சொல்வார்.

மலையேற விரும்புவோர் அடையாள அட்டை நகலை இம்மாத இறுதிக்குள் என்னிடமோ மன்றச் செயலாளரிடமோ தரவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். யானையைக் கண்டே தீரவேண்டும் என்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னுடன் காப்புக்காட்டுக்கு வாருங்கள். நெய்யாற்றின்கரையில் பஸ் ஏறிக் காட்டாக்கடையில் மாற வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள். பொட்டலத்தாள் திரும்பவும் உங்கள் பையில்தான் வரவேண்டும்.