மேசைமேல் ஒரு மழைக்காட்டு மரம்

மாணவர்களே, மேசை விளையாட்டில் நிற்கும் 28 மில்லிமீட்டர் வீரனுக்கு ஒரு காட்டு மரம் செய்வோமா? அவனை 168 சென்டிமீட்டர் உயர மனிதன் என்று கொண்டால், அளவு விகிதம் 1:60. சபா, டானும் பள்ளத்தாக்கில் உள்ள 'மெனாரா' என்ற மஞ்சள் மெராந்தி மரத்தின் உயரம் 100.8 மீட்டர். நம் விகிதத்தில் அது 1.68 மீட்டர்! ஆகவே அடிமரம் மட்டும் செய்வோம்.

30 சென்டிமீட்டர் அட்டைக் குழாயை ஸ்பாஞ்சின் மேல் நிறுத்தி, உச்சியை விரலால் தள்ளுங்கள். விழுந்துவிடும். அடியைச் சுற்றி ஐந்து முக்கோண அட்டைகளை ஒட்டி மீண்டும் தள்ளுங்கள். எளிதில் விழாது. அடித்தளம் அகன்றதால், சற்றுச் சாய்ந்தாலும் ஈர்ப்பு மையம் அதற்கு நேர் மேலேயே இருக்கிறது.

நம் ஜொகூரின் எண்டாவ் ரொம்பின் காட்டிலும் இந்த முக்கோணங்களைக் காணலாம். இவை பலகை வேர்கள், மலாயில் 'பானிர்'. மழைக்காட்டில் சத்து பெரும்பாலும் மேல்மண்ணில் இருப்பதால், பல மரங்களின் வேர்கள் ஆழம் போவதில்லை. காற்றடிக்கும்போது ஒரு பக்கப் பலகை வேர் இழுத்துப் பிடிக்கிறது; மறுபக்க வேர் முட்டுக் கொடுக்கிறது.

பசைநீரில் நனைத்த நாளிதழ்த் துண்டுகளை மேலே ஒட்டுங்கள். காய்ந்ததும் வண்ணம் பூசுங்கள்.

சிந்திக்க: பாதை போடுவதற்காக ஒரு பக்கப் பலகை வேர்களை வெட்டினால், அந்த மரத்துக்கு என்ன ஆகும்? ஓர் அட்டையை நீக்கிச் சோதித்துப் பாருங்கள்.