காலியா வர்ற கட்டத்துல அவசரப்பட்டு பூஜ்யம் போடாதே

தங்கச்சி, செண்பகத்தோப்புப் பறவைக் கணக்கை ரிப்போர்ட்டா போட உட்கார்ந்திருக்கே. இபேர்டு ஏபிஐயிலிருந்து பவர் பிஐக்குத் தரவும் வந்துடுச்சு. ஆனா சில வரியில எண்ணிக்கை இருக்கு, சிலதுல காலி. இன்னும் ரெண்டு ஃபீல்டு வரவே இல்ல. சாஃப்ட்வேரை அழிச்சுட்டு மறுபடி போடலாமான்னு யோசிக்காதே. முக்கால்வாசி நேரம் கோளாறு அதுல இருக்காது.

முதல்ல வந்த பதிலை அப்படியே பாரு. பவர் பிஐக்குள்ள இருக்கிற பவர் குவெரியில ஒவ்வொரு வரியிலயும் 'ரெக்கார்ட்'னு மஞ்சள் எழுத்து இருக்கும். எழுத்து மேல கிளிக் பண்ணாம, பக்கத்துல இருக்கிற வெற்றிடத்துல ஒரு தட்டு தட்டு. அந்த வரியில என்னென்ன ஃபீல்டு வந்திருக்குன்னு கீழே காட்டும். எண்ணிக்கை இருக்கிற ஒண்ணு, இல்லாத ஒண்ணுன்னு ரெண்டு வரியைப் பக்கம் பக்கமா வச்சுப் பாரு. ஒண்ணுல 'ஹவ்மெனி'ங்கிற எண்ணிக்கை ஃபீல்டு இருக்கும், இன்னொண்ணுல அந்தப் பேரே இருக்காது.

காரணம் இதுதான். காட்டுல நிக்கிறவங்க எல்லாப் பறவையையும் எண்ண மாட்டாங்க. ராக்காச்சி அம்மன் கோவில் பக்கம் மைனாக் கூட்டம் பறந்து போனா, பார்த்தேன், ஆனா எண்ணலைன்னு சொல்ல இபேர்டுல 'எக்ஸ்' போடலாம். ஏபிஐ அந்த எக்ஸை அனுப்பாது. எண்ணிக்கை ஃபீல்டையே விட்டுட்டு அனுப்பும். அதனால காலிக் கட்டத்துக்கு அர்த்தம் 'இருந்தது, எண்ணல'. நீ அதுல பூஜ்யம் போட்டா 'இல்லவே இல்ல'ன்னு ஆயிடும். கண்ணால பார்த்த பறவையை ரிப்போர்ட்ல இல்லாம ஆக்குறது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். காலியை காலியாவே விடு. பக்கத்துல 'பார்த்தது: ஆம்'னு தனியா ஒண்ணு சேர்த்துக்கோ. இபேர்டுலயிருந்து சிஎஸ்வியா இறக்கினா அதே இடத்துல எக்ஸ் எழுத்தாவே வரும். முழு எண்ணா மாத்தினதும் எர்ரர் காட்டும். அப்ப 'ரிமூவ் எர்ரர்ஸ்' கொடுத்தா வரியே போயிடும், ஜாக்கிரதை.

வராத ஃபீல்டு சங்கதி வேற. நீ கேட்காததால அனுப்பாம இருக்கலாம். இபேர்டு சாதாரணமா சுருக்கமாத்தான் கொடுக்கும். முகவரியில 'டீடெயில்'ங்கிறதுக்கு 'ஃபுல்'னு போட்டாத்தான் மாவட்டம், மாநிலம் எல்லாம் சேர்ந்து வரும். அணில் மாதிரி மத்த உயிர்களோட பதிவுகளை ஐநேச்சுரலிஸ்ட்லயிருந்து எடுத்தா, அதோட ரெண்டாம் பதிப்பு ஏபிஐ இன்னும் கறார். எந்த ஃபீல்டு வேணும்னு பேர் சொல்லிக் கேட்கலைன்னா அடையாள எண் மட்டும்தான் கைக்கு வரும்.

அனுப்பியும் பவர் குவெரி காட்டாமப் போறது உண்டு. ரெக்கார்டை விரிக்கிறப்போ வர்ற பட்டியல், முதல்ல இருக்கிற வரிகளை மட்டும் பார்த்துப் போட்டது. அடியில 'லோட் மோர்'னு இருந்தா கட்டாயம் அமுக்கு. நீ டிக் பண்ணின பேரெல்லாம் ஃபார்முலாவுல நிலையா எழுதிடும். நாளைக்குப் புதுசா ஒரு ஃபீல்டு வந்தா தானா சேராது, கையால சேர்க்கணும். பேரைத் தட்டுறப்போ பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஒண்ணு மாறினாலும் எர்ரர் வராது, அந்த ஃபீல்டு முழுக்கக் காலியா நிக்கும். இதுலதான் ஆளுங்க பாதி நாளைத் தொலைக்கிறாங்க, அதனால டைப் பண்ணாம காப்பி பண்ணிப் போடு.

இடம் குறிக்கிற ஃபீல்டுக்கு வா. ஐநேச்சுரலிஸ்ட் 'ஜியோஜேசன்'ல ரெண்டு எண்ணை ஒரு லிஸ்டா கொடுக்கும். அதைப் புது வரிகளா விரிச்சா ஒவ்வொரு பதிவும் ரெண்டா ஆகி, உன் அணில் கணக்கு இரட்டிப்பாயிடும். 'எக்ஸ்ட்ராக்ட் வேல்யூஸ்' கொடுத்து அப்புறம் பிரி. அதுல தீர்க்கரேகை முன்னாடி, அட்சரேகை பின்னாடி. நம்ம பக்கம் அட்சரேகை 9.5, தீர்க்கரேகை 77.5 சுமாருக்கு வரணும். மாத்திப் போட்டா புள்ளி வட துருவத்துக்கிட்ட ஸ்வால்பார்டு பக்கத்துக் கடல்ல போய் நிக்கும்.

சில பதிவுல 'அப்ஸ்க்யூர்ட்' உண்மைன்னு வரும். ஆபத்துல இருக்கிற உயிர்களோட இருப்பிடத்தை வேணும்னே மறைச்சிருக்காங்க. 0.2 பாகைக் கட்டத்துக்குள்ள, அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள்ள, ஏதாவது ஒரு புள்ளியைக் கொடுப்பாங்க. தோப்புல பார்த்த உயிரு மேப்புல ராஜபாளையம் ஊருக்குள்ள கூட விழலாம். அதைத் தப்புன்னு நினைச்சு, உனக்குத் தெரிஞ்ச மரத்தடியில கொண்டுபோய் வைக்காதே. 1988ல சாம்பல் நிற அணிலுக்குன்னே சரணாலயமா அறிவிச்ச காடு இது. 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்ள வந்துடுச்சு. கூடு எந்த மரத்துலன்னு பொது ரிப்போர்ட் ஒண்ணு காட்டிக் கொடுக்கக் கூடாது. அந்தப் பதிவுகளை மேப்புலயிருந்து எடுத்துட்டு, மாவட்ட அளவுல மட்டும் எண்ணிக் காட்டு.

வரியே குறையுதுன்னா பக்க அளவைப் பாரு. ஐநேச்சுரலிஸ்ட் முதல் பதிப்பு ஒரு பக்கத்துக்கு 30 தரும், கேட்டா 200 வரைக்கும். ஜிபிஐஎஃப் தரவுத்தளத்துலயிருந்து எடுத்தா 20 தரும், கேட்டா 300. மீதிக்கு அடுத்த பக்கம் கேட்கணும்.

இபேர்டோட 'சமீபத்திய பதிவுகள்' வேற மாதிரி. ஒரு பறவைக்கு கடைசியாப் பதிஞ்ச ஒரே ஒரு வரிதான் வரும், எத்தனை பேர் பார்த்திருந்தாலும் சரி. அதைக் கூட்டி மொத்தம் போடாதே. நாள் கணக்கும் சாதாரணமா 14, அதிகபட்சம் 30. இன்னைக்கு இருந்த வரி அடுத்த மாசம் ரெஃப்ரெஷ் பண்ணினா காணாமப் போயிடும். அதனால வாரத்துக்கு ஒரு தரம் இழுத்து, வந்த பதிலை மாத்தாம தேதி போட்டு ஒரு ஃபோல்டர்ல வை. ரிப்போர்ட்டை அந்த ஃபோல்டர்லயிருந்து எடு.